கொம்பன் அழுத கண்ணாடி

பாப்பாரப்பட்டி சினிமாக் கொட்டாயில் புரொஜெக்டர் ஒன்றே ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீலை மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் தரை டிக்கெட் ஜனம் பீடி பற்றவைக்கும், மணலைக் குவித்து மேடாக்கி உட்காரும், அப்புறம் பொறுமை போய் விசிலடித்து, அதே மணலை வாரித் திரைமேல் வீசும். திரைத்துணி கிழிவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்த கொட்டாய் முதலாளி தீர்த்தகிரி, விளம்பர ஸ்லைடுக் கண்ணாடி எழுதித் தருகிற ஹயாத் பாஷாவிடம் ஒருநாள் வந்து நின்றார்.

"பாய், வெறும் சீயக்காத்தூளு வெளம்பரத்த எத்தினி நாளுக்குக் காட்டறது? கத மாதிரி ஏதாச்சும் எழுதிக் குடுங்க. கம்முனு பாத்துக்கிட்டு இருப்பானுங்க."

அப்படி அறுபத்தைந்தாம் வருடத்தில் தொடங்கியதுதான் ஏழுமடைக் கோட்டைக் கதை. வாரம் ஆறு கண்ணாடி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. உள்ளங்கை அகலக் கண்ணாடியில் கலர் மையால் எழுதிய படம், அதன்மேல் நகரக்கூடிய இன்னொரு கண்ணாடி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு மரச்சட்டம். ஸ்லைடு விளக்கின் முன்னால் வைத்து மேல் கண்ணாடியை இழுத்தால் திரையில் குதிரை கால் தூக்கும், இளவரசி கண் சிமிட்டுவாள், கடல் பொங்கும். இப்படி இழுத்து அசைக்கிற வித்தையைக் கண்டுபிடித்தது ஹயாத் பாஷா இல்லை, அவருடைய மகன் தாவூது. படிப்பு ஏறாத பயல், கையில் மட்டும் அத்தனை சூட்டிகை.

உருவம் எழுதுவது நமக்குத் தகாது என்று ஜமாத்தில் ஒருவர் குறைப்பட்டார். "நான் எழுதறது சோத்துக்குங்க" என்றார் ஹயாத் பாஷா.

கதையில் ஒரு ராஜா, அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். பூங்கொடி என்கிற அந்த மகள் முதல் ஆறு மாதம் அழுவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அண்ணன்காரன்தான் வீரன். புலியைக் கொன்றான், பாதாளத்தில் இறங்கினான், தங்கைக்காகப் பாம்பின் வாயிலிருந்து சிலம்பை எடுத்துவந்தான். அண்ணனைத் தாவூது எழுதுவான், பூங்கொடியை அவன் தங்கை ஷகிலா எழுதுவாள், ராஜாவை அவர்களுடைய அத்தா ஹயாத் பாஷா எழுதுவார். மூன்று பேர் எழுதினாலும் ஒரே கை எழுதியதுபோல் இருக்கும். கோடு பழக்கியது அத்தா. கண்ணாடியில் கரி பூசி, அதை ஊசிமுனையால் சுரண்டி அவர் இழுக்கிற கோட்டையே பிள்ளைகள் இருவரும் இழுத்தார்கள்.

அறுபத்தாறில் ஷகிலாவுக்குக் கம்பைநல்லூர் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசினார்கள். நிக்காஹுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தாவூது அவளுடைய நகை முடிச்சைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு ஓடிப்போனான். அங்கே சினிமா பேனர் எழுதிப் பெரிய ஆளாகப் போகிறானாம், எழுதிவைத்த சீட்டில் அப்படித்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நகைக்காகக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை. திருடன் தங்கை என்று ஒரு வார்த்தை சொன்னார்கள், சம்பந்தம் முறிந்தது. அதன்பிறகு ஷகிலாவைக் கேட்டு அந்தத் தெருவுக்குள் ஒருவரும் வரவில்லை.

ஹயாத் பாஷா கத்தவில்லை, அழவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக் கதையில் அண்ணன்காரன் தங்கையின் சிலம்பைத் திருடி ஒரு மந்திரவாதியிடம் கொடுத்தான். அவன் நெற்றியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கொம்பு முளைத்தது. செய்கிற ஒவ்வொரு பாவத்துக்கும் அந்தக் கொம்பு வளர்ந்தது. ஜனம் அவனுக்குக் கொம்பன் என்று பெயர் வைத்தது. கொம்பனின் இடப்புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்த நாளிலிருந்து தாவூதுக்கும் அப்படித்தான். ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

இரண்டு வருடம் ஓடியது. அழுதுகொண்டிருந்த பூங்கொடி வாள் பிடித்தாள், காடு கடந்தாள், அப்பனின் கோட்டையைக் காவல் காத்தாள். கொட்டாய்க்கு வரும் பெண்பிள்ளைகள் அவளோடு சேர்ந்தே வளர்ந்தார்கள். கொம்பன் திருந்துவானா மாட்டானா என்று சந்தையில் தக்காளி வாங்கும்போதுகூடப் பேச்சு நடந்தது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கொம்பன் கட்சி. "தங்கச்சிக்குப் பாம்பு வாயில கைய வுட்டவன்டி அவன். திருந்தாம எங்க போவான்?" என்பாள். அது காதில் விழும்போதெல்லாம் ஷகிலாவின் அம்மா ஹமீதுன்னிசா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

கதை அப்படி வளர்ந்துகொண்டிருக்க, ஹயாத் பாஷாவின் கண் தேய்ந்துகொண்டிருந்தது. விளக்குக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்துப் பிடித்துக் கெட்ட கண். இரண்டிலும் பூ விழுந்துவிட்டது. கதையை அவர் சொல்ல, படமெல்லாம் ஷகிலாதான் எழுதினாள். ஆனால் மனிதர் அதை ஒப்புக்கொள்ள வேண்டுமே! ஒருமுறை பிடிவாதமாக மாட்டுத் தீவன விளம்பரம் ஒன்றைத் தானே எழுதிக்கொண்டு போனார். பசுவுக்கு மூக்கு நீண்டு, கால் குட்டையாகி, திரையில் அது வேறு பிராணியாகத் தெரிந்தது. "டேய், பாய் பன்னி எழுதிருக்காருடா!" என்று ஒருவன் கத்தினான். கொட்டாய் முழுக்கச் சிரித்தது. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஷகிலாவும் பெண்கள் பக்கம் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் கால் கழுவிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பனைப் பார்த்து ஊர் சிரித்த அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை.

அந்த வருடம் மாசியில் கதையை முடித்துவிடலாம் என்றார் அத்தா. முடிவையும் சொன்னார். பூங்கொடி கொம்பனின் தலையை வெட்டுகிறாள், தலை உருள்கிறது. அந்தக் கண்ணாடியை ஷகிலா நான்கு நாள் எழுதினாள். பிறந்ததிலிருந்து அவள் எழுதியதிலேயே அதுதான் உசத்தி. வெட்டுப்பட்ட புருவம் துல்லியமாக வந்தது. மேல் கண்ணாடியை இழுத்தால் தலை மூன்று உருட்டு உருண்டு நிற்கும். எழுதும்போது அவளுக்குக் கை நடுங்கவில்லை. சந்தோஷமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அத்தா அதைப் போடவிடவில்லை. "இந்த வாரம் வேணாம் கண்ணு" என்பார். அடுத்த வாரமும் அதையே சொல்வார். கண்ணாடி செய்தித்தாளில் சுற்றியபடி பெட்டியில் கிடந்தது.

அப்போதுதான் நஞ்சப்பன் வந்தான். பெங்களூருக்குப் புளி ஏற்றிப்போகிற லாரி டிரைவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவன். அவன் அத்தாவிடம் பேசியதை ஷகிலா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"தாவூதப் பாத்தேங்க. மூங்கில் சாரத்து மேல நின்னு பேனர் எழுதிக்கிட்டு இருந்தான். எளச்சுப் போயிட்டான். அத்தாவுக்குக் கண்ணு தெரியலியாம்டான்னேன். சாரத்துலயே குந்திக்கிட்டு அழுதான். வூட்டுக்கு வரலாமான்னு கேக்கச் சொன்னான். அவரே சொன்னாத்தான் வருவேன்னான்."

அத்தா, "போம்போது வந்து பாரு. சொல்றேன்" என்றார். ஷகிலா கதவை விட்டு நகர்ந்துவிட்டாள். நஞ்சப்பன் திரும்பப் போகும்போது அத்தா என்ன சொல்லியனுப்பினார் என்பது அவளுக்குத் தெரியாது. அன்று அவள் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மூன்று நாள் அத்தா எழுதுகிற அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மை எடுத்துக் கொடுக்கக்கூட அவளை விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் ஒரு கண்ணாடியை நீட்டினார்.

"கடைசிக் கண்ணாடியா இதப் போடு. அந்த வெட்டுற கண்ணாடி வேணாம். மெதுவா இழுக்கணும்னு மாயவன்கிட்டச் சொல்லச் சொல்லு."

மாயவன் கொட்டாய் ஆபரேட்டரின் உதவியாள். அத்தாவுக்குப் பார்வை போனபிறகு அவன்தான் கண்ணாடிகளை இழுப்பது. ஷகிலா வரிசையாக அடுக்கிப் பெட்டியைக் கொடுத்தனுப்புவாள், அவன் அந்த வரிசைப்படியே போடுவான்.

அவள் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொம்பன் மண்டியிட்டிருந்தான், அப்படித்தான் இருக்க வேண்டும். மூக்கு கன்னத்துக்குப் போயிருந்தது. ஒரு கண் காதுக்குப் பக்கத்தில். கொம்பு கழன்று தரையில் கிடந்தது, பார்த்தால் வாழைப்பழம்போல இருந்தது. அவன் தலைமேல் ராஜாவின் கை, ஆறு விரலோடு. சிவப்பு மை ராஜாவின் தாடியில் வழிந்திருந்தது. மேல் கண்ணாடியை இழுத்தால் கொம்பனின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் கீழே இறங்கும். அந்தச் சொட்டு மட்டும் சரியாக வந்திருந்தது.

சிரிப்பார்கள். அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. இரண்டரை வருடம் ஊரே பார்த்த கதை, அதன் கடைசிப் படத்தில் கொட்டாயே விழுந்து விழுந்து சிரிக்கும். அத்தா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இந்தத் தடவை எழுந்திருப்பாரோ என்னவோ.

அது ஒன்றுதான் காரணம் என்றால் பொய். இந்த மன்னிப்பில் அவளை யார் கேட்டார்கள்? நகை அவளுடையது, முறிந்த கல்யாணமும் அவளுடையது. ராஜா கையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார், பூங்கொடியை அந்தக் கண்ணாடியில் எழுதக்கூட இல்லை. அத்தாவின் மனசு எங்கே போகிறது என்பது அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. அந்தப் பாதியைத் தெரியாததாக வைத்துக்கொண்டாள்.

செய்தித்தாளைப் பிரித்துத் தன் கண்ணாடியை எடுத்தாள், பெட்டியில் கடைசியாகச் சொருகினாள். அத்தாவின் கண்ணாடியைக் கழுவவேண்டிய பழைய கண்ணாடிகளோடு சேர்த்து வைத்தாள். காட்டி முடித்த கண்ணாடிகளைச் சனிக்கிழமை சனிக்கிழமை சோடாக்காரத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி மறுபடியும் எழுதுவது அவர்கள் வீட்டு வழக்கம். கழுவிவிட்டால் தடயம் இருக்காது, பார்வையில்லாத அத்தாவுக்குத் தெரியவும் போவதில்லை.

அன்று சாயங்காலம் அத்தா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். ஹமீதுன்னிசாவிடம் கறி எடுத்துச் சமைக்கச் சொல்லியிருந்தார். "ஒரு ஆளு வந்தாலும் வருவாங்க" என்றார். யார் என்று கேட்டதற்கு, "வந்தாப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். கொட்டாய்க்கு வரவில்லை. ஷகிலா பாஞ்சாலியோடு போனாள்.

இரண்டாம் ரீல் முடிந்து கதை ஓடியது. கூட்டம் நிரம்பியிருந்தது, முடிவு இன்றைக்குத்தான் என்று தீர்த்தகிரி சந்தை முழுக்கத் தமுக்கடித்திருந்தார். ஐந்து கண்ணாடி போயிற்று. ஆறாவது விழுந்தது. பூங்கொடி வாளை ஓங்கி நின்றாள். மாயவன் மெதுவாக இழுத்தான். கொம்பனின் தலை உருண்டது, ஒன்று, இரண்டு, மூன்று. கொட்டாய் அதிர்ந்தது. விசிலும் கைதட்டலும் நிற்கவே இல்லை. பாஞ்சாலி வாயைப் பொத்திக்கொண்டு, "அடிப்பாவி, கொன்னே போட்டாளே! பெத்தவருகூடத் தடுக்கலியே!" என்று நிஜமாகவே அழுதாள்.

அப்போது ஆண்கள் பக்கம் தரையிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். அவன் நிழல் திரையில் விழுந்து, உருண்டு கிடந்த தலையைப் பாதி மறைத்தது. "உக்காருடா டேய்!" என்று நாலாபக்கமும் கத்தினார்கள். அவன் உட்காரவில்லை. தன் படம் மறைகிறதே என்று ஷகிலாவுக்கும் எரிச்சலாக இருந்தது. அந்த நிழல் கொஞ்சநேரம் அப்படியே நின்றது, பிறகு குனிந்து ஓரமாகப் போய்விட்டது. அடுத்த ரீல் ஓடத் தொடங்கியது.

அவள் வீடு திரும்பும்போது அத்தா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வளையல் சத்தத்தில் அவளைத் தெரிந்துகொண்டு எழுந்தார்.

"கூட யாரும் வரலியா கண்ணு?"

"யாரத்தா?"

"உங்கண்ணன்." அவர் குரல் சின்னப்பிள்ளையின் குரல்போல இருந்தது. "நஞ்சப்பன்கிட்டச் சொல்லியனுப்பினேன். வெள்ளிக்கெழம மொத ஆட்டத்துக்கு வந்து தரையில குந்தச் சொல்லு, என் பதிலு தெரையில இருக்கும்னு. எனக்கு நேராப் பேச வராதுன்னு அவனுக்குத் தெரியுமே. மூணு நாளா அதுக்குத்தானே எழுதினேன்."

அடுப்படியிலிருந்து ஹமீதுன்னிசா ஓடிவந்தாள். வருவது யாரென்று அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கையில் கரண்டியோடு நின்றாள். திரையில் நின்ற நிழல் இப்போதுதான் ஷகிலாவுக்கு அண்ணனாயிற்று.

"படத்தப் போட்டாங்களா? ஜனம் சிரிச்சுச்சா?"

"இல்லத்தா" என்றாள். "யாருமே சிரிக்கல."

"அப்ப, பாத்துட்டும் வரலியா?"

அத்தா ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "வந்திருக்கவே மாட்டான். வண்டி கெடச்சிருக்காது" என்றாள் ஹமீதுன்னிசா. அந்த வீட்டில் அன்று யாரும் கறிச்சோறு சாப்பிடவில்லை.

விடிந்தும் விடியாமலும் ஷகிலா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சந்தைமேட்டு டீக்கடைக்கு ஓடினாள். நஞ்சப்பனின் லாரி அங்கேதான் நிற்கும். அவன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணன் எங்கண்ணே?"

"போயிட்டான். நேத்தே ஓசூரு போற லாரியப் புடிச்சு ஏத்திவுட்டேன். எதுக்கும்மா அவன வரச்சொன்னீங்க? அத்தன பேரு முன்னால தலைய வெட்டிக் காட்டவா?"

"அத்தா செய்யலண்ணே. நாந்தான்."

அவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அவனுக்கு அவன் கோபம்.

"எங்கிட்ட என்ன கேட்டாந்தெரியுமா? அத்தாவுக்குக் கண்ணு போயிட்டதுன்னு சொன்னியே, ஏண்டா பொய் சொன்னேன்னான். அந்தப் புருவத்தப் பாத்தியா, கோடு எத்தினி சுத்தமா இருக்குது, எங்கத்தா கை இன்னும் நடுங்கல, நல்லாத் தெரிஞ்சுதான் எழுதியிருக்காருன்னான். நான் பொய்க்காரனாயிட்டேன். இனி நான் எது சொன்னாலும் நம்ப மாட்டான்." அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான். "பேடம்மா, வேணாம், அழுவாத. நான் என்ன பண்ணட்டும்?"

அவளுடைய கோடு அத்தாவின் கோடேதான். அதை இழுக்கத்தான் சின்ன வயதிலிருந்து பழகினாள், அந்தப் பெருமையில்தான் பெட்டியில் சொருகினாள்.

"ஒரு கண்ணாடி தரேண்ணே. அதக் கொண்டுபோய் அவங்கிட்டக் குடுப்பியா? பாத்தான்னா அவனுக்கே புரியும். கண்ணு தெரியாதவரு எழுதினதுன்னு பாத்தாலே தெரியும்."

"வேகமா வா. புளி ஏத்தியாச்சு, கால்மணிநேரத்துல கெளம்பணும்."

வந்ததைவிட வேகமாகத் திரும்பி ஓடினாள். அந்தக் கோணல் மூக்கு, ஆறு விரல், வாழைப்பழக் கொம்பு எல்லாவற்றையும் அப்படியே துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டால் போதும். தாவூது ஒரு பார்வையில் கண்டுகொள்வான். அந்தக் கண்ணாடியைக் கண்டுகொள்ள உலகத்திலேயே அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

கொல்லைப்புறத்தில் அத்தா குந்தியிருந்தார். முன்னால் சோடாக்காரத் தொட்டி. இரவெல்லாம் தூங்காத மனிதர், பொழுது போகாமல் சனிக்கிழமை வேலையைச் சீக்கிரமே தொடங்கிவிட்டார். பார்வை போனபிறகு அந்த வீட்டில் அவருக்கென்று மிஞ்சிய வேலை அது ஒன்றுதான். கழுவிய கண்ணாடிகள் பக்கத்தில் சாக்கின்மேல் வரிசையாக இருந்தன, எல்லாம் வெள்ளையாக. தொட்டித் தண்ணீர் சிவந்து கலங்கியிருந்தது.

ஷகிலா சாக்கின்மேல் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். காரம் கையை எரித்தது. எல்லாவற்றிலும் பின்னாலிருந்த சுவர்தான் தெரிந்தது.

"என்ன கண்ணு தேடற?"

பொய் சொல்ல இன்னொரு தடவை அவளால் முடியவில்லை. சொன்னாள். ஜனம் சிரிக்கும் என்று பயந்து மாற்றி வைத்ததை, தலை உருண்டதை, நிழல் எழுந்து நின்றதை, நஞ்சப்பன் சொன்னதை, ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அத்தா கையைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை. சந்தைமேட்டில் லாரி ஹாரன் இரண்டு தடவை அடித்தது, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தது, பிறகு கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அறைவார் என்று எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார். நேற்றைய சலவைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. அவள் குரல் வந்த திக்கில் முகத்தைத் திருப்பிக் கேட்டார்:

"அத்தன மோசமாவா கண்ணு இருந்துச்சு?"